மாண்புமிகுவின் கணக்கு நோட்டு

மாண்புமிகு அவர்கள் பெரிய பொருளாதார மேதை. எந்தக் கட்சி, எந்தத் துறை என்று கேட்காதீர்கள். வேட்டிக் கரையைப் பார்த்தால் கட்சி தெரியும், பேச்சைக் கேட்டால் தெரியாது. நாலைந்து பேரைச் சேர்த்துத் தைத்த ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை ஏறினால் அவருக்கு இரண்டே விஷயம்தான்: மாநிலத்தின் வளர்ச்சி, தன்னுடைய மக்கள் பணி. முதலாவதை டாலரில் பேசுவார். இரண்டாவதைக் கண்ணீரில் பேசுவார். ரூபாயில் பேசுவது அபூர்வம். ரூபாய் என்று வாயைத் திறந்தால் யாராவது சம்பளத்தைக் கேட்டுவிடுவார்கள்.

டாலரை முதலில் பார்த்துவிடுவோம். 2012 மார்ச்சில் ‘தொலைநோக்குத் திட்டம் 2023’ என்று ஒரு புத்தகம் வெளியானது. ஆண்டுக்கு 11 சதவீத வளர்ச்சி, 15 லட்சம் கோடி ரூபாய்க்கு உள்கட்டமைப்பு, 2023-ல் தலைக்கு 10,000 டாலர் வருமானம் என்று போட்டிருந்தது. வாசித்துவிட்டு அவரவர் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டோம். 2023 வந்தது, போனது. அந்த 10,000 டாலரில் பாதிகூட நம் தலைக்கு வந்து சேரவில்லை. யாரும் விளக்கம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதற்குள் ஆட்சி மாறி, புத்தகமும் மாறிவிட்டது. புதிய புத்தகத்தில் 2030-க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம். ஒன்றுக்குப் பின்னால் 12 பூஜ்யம். பூஜ்யத்துக்குத் தமிழ்நாட்டில் என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை.

டிரில்லியனுக்குப் போகும் வழி முதலீட்டாளர் மாநாடு. 2015-ல் நடந்தது: 2.42 லட்சம் கோடி ரூபாய். 2019-ல் நடந்தது: 3 லட்சம் கோடி. 2024-ல் நடந்தது: 6.64 லட்சம் கோடி. கூட்டினால் 12 லட்சம் கோடி தாண்டுகிறது. இவை எல்லாம் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்றால், அன்றைக்கே வாசலில் வாழைமரம் கட்டி, பேரனுக்குப் பெயரும் வைத்துவிடுகிற வீடு நம் வீடு. கையெழுத்துப் போட்டதில் எத்தனை ஆலையானது, எத்தனை பேருக்கு வேலையானது என்று எதிர்க்கட்சியில் இருப்பவர் வெள்ளை அறிக்கை கேட்பார். அவரே ஆளுங்கட்சியானதும் பழைய எதிரி வந்து அதே அறிக்கையைக் கேட்பார். கேட்கிற உரிமையை மட்டும் இரண்டு பேரும் முறை வைத்து அனுபவிக்கிறார்கள்.

தொகையை விடுங்கள், தேதிகளைப் பாருங்கள். 2019 மாநாடு ஜனவரி 23, 24. அதற்கு முந்தின நாள், ஜனவரி 22-ல், ஜாக்டோ ஜியோவின் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. பழைய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடு என்று ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தெருவில் நின்றார்கள். மாநாட்டு அரங்கில் 3 லட்சம் கோடிக்குக் கைதட்டல். வெளியே கைது, பணியிடை நீக்கம். காலியான வகுப்பறைகளுக்கு மாதம் 10,000 ரூபாயில் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க உத்தரவு.

2024 மாநாடு ஜனவரி 7, 8. ஜனவரி 9-ல் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். ஓய்வுபெற்றவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் தராமல் வைத்திருந்த அகவிலைப்படி நிலுவையும் கோரிக்கையில் இருந்தது. முந்தின நாள் மாலை 6.64 லட்சம் கோடி வந்து இறங்கிய ஊரில், மறுநாள் காலை, முப்பது ஆண்டு பஸ் ஓட்டிய கிழவருக்குக் கொடுக்கப் பணமில்லை. ஆட்சி வேறு, கட்சி வேறு, மேடையில் கட்டிய தோரணமும் வேறு. கிழவர் மட்டும் அதே கிழவர்.

இந்தக் கூத்துக்கு ஒரு பிறந்த வருஷம் உண்டு: 2003. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றானது. ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 1.70 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைநிறுத்தம் செய்ய ஊழியனுக்கு அடிப்படை உரிமை கிடையாது என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவைத்தது. நவம்பர் 29-ல் சில்லறை மது விற்பனையை அரசே கையில் எடுத்தது. ஆசிரியருக்கு ஓய்வூதியம் கொடுப்பது அரசின் வேலை இல்லை, குவார்ட்டர் விற்பது அரசின் வேலை என்று ஒரே ஆண்டில் முடிவுசெய்த தீர்க்கதரிசனம் அது. அடுத்து வந்தவர்கள் திட்டினார்கள், ஆண்டுக்கணக்கில் மாற்றவில்லை. பழைய ஓய்வூதியத்தைக் கொண்டுவருவோம் என்று 2021-ல் தேர்தல் அறிக்கையில் அச்சடித்தவர்கள், அதை ஆராய 2025 பிப்ரவரியில் ஒரு குழு அமைத்தார்கள். தேர்தல் அறிக்கை எழுதும்போது ஆராயவில்லையா என்று கேட்கக்கூடாது. அது இலக்கியம்.

டாஸ்மாக்கைச் சும்மா சொல்லக்கூடாது, அதுதான் அசல் வளர்ச்சி. 2003-04-ல் 3,639 கோடி ரூபாய் வருவாய், 2024-25-ல் 48,344 கோடி. எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் பொறாமைப்படும் வேகம் இது. புரிந்துணர்வு ஒப்பந்தம் இல்லை, சிவப்புக் கம்பளம் இல்லை. கூலிக்காரன் தினமும் சாயங்காலம் வந்து முதலீடு செய்துவிட்டுப் போகிறான். அந்தக் கடைகளில் நிற்கும் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என 23,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இருபது ஆண்டு கடந்தும் தொகுப்பூதியம்தான். கஜானாவையே தூக்கி நிறுத்துகிற கடையில் நிற்பவனுக்கே கதி இதுவென்றால், பாடம் நடத்துகிறவன் என்ன எதிர்பார்க்க முடியும்?

வளர்ச்சியே இல்லை, எல்லாம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. 2024-25-ல் தமிழ்நாட்டின் வளர்ச்சி 11.19 சதவீதம். இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இங்கேதான் இருக்கின்றன. நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டு ஆலைகளில் இருக்கிறார்கள். உண்மை, பெருமைதான். மாண்புமிகுவோ இந்தப் பெருமையைத் தன் படத்தோடு சேர்த்து ஃபிளெக்ஸ் அடித்து, ஏதோ விமான நிலையத்தில் போய் அவரே பெட்டியில் எடுத்து வந்ததுபோல நெஞ்சை நிமிர்த்துகிறார். என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பூட்டுகிற பெண் வானத்திலிருந்து குதித்தவள் இல்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது துணை சுகாதார நிலையத்து நர்ஸ் தேடி வந்து தடுப்பூசி போட்டார். 1982-ல் தொடங்கிய சத்துணவுக் கூடத்தில் ஒரு ஆயா அவளுக்குச் சோறும் பின்னாளில் முட்டையும் போட்டார். அரசுப் பள்ளியில் யாரோ ஒரு டீச்சர் அடித்தும் அணைத்தும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்ட வைத்தார். நகரப் பேருந்து அவளைச் சுமந்தது. முதலீட்டாளன் தமிழ்நாட்டைத் தேடி வருவது மாண்புமிகுவின் சிரிப்பைப் பார்க்க இல்லை. படித்த, நோயில்லாத, நேரத்துக்கு வேலைக்கு வந்து சேர்கிற மனிதர்கள் இங்கே கிடைப்பதால் வருகிறான். அந்த மனிதர்களை உருவாக்கியவர்களுக்கு மாண்புமிகுவின் கணக்கு நோட்டில் ஒரே ஒரு தலைப்பு: ‘செலவு’.

நர்ஸிலிருந்து தொடங்குவோம். 2015-ல் போட்டித் தேர்வு எழுதி, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பிச் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2017 நவம்பரில், சென்னை டிஎம்எஸ் வளாகத்துத் தரையில் உட்கார்ந்து அந்தப் பேச்சை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பிறகு கொரோனா வந்தது. பால்கனியில் நின்று கைதட்டினோம், விளக்கேற்றினோம், தேவதை என்றோம். அந்த நேரத்தில் அவசரமாக எடுத்த நர்ஸுகளில் 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை இல்லை என்று உத்தரவு வந்தது. தேதியைத் தேர்ந்தெடுத்த அதிகாரிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலிருக்கிறது. புத்தாண்டு வாழ்த்து அட்டை அடிக்கிற செலவு மிச்சம்.

பகுதிநேர ஆசிரியர்கள் கதை இன்னும் விசேஷம். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி சொல்லிக்கொடுக்க 2012-ல் 16,000-க்கும் மேற்பட்டவர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பல போராட்டங்கள், பல கைதுகளுக்குப் பிறகு அது ஏறி ஏறி 12,500 ஆனது. வருஷக்கணக்காக மே மாதத்துக்குச் சம்பளமே கிடையாது என்று வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு என்றால் வாத்தியார் வயிறும் லீவு என்பது கோட்டையின் கண்டுபிடிப்பு. சட்டமன்றமும்தான் வருஷத்தில் பாதிக்கு மேல் நாள் கூடுவதில்லை. அங்கே எந்த மாதத்தைப் பிடித்தம் செய்கிறார்கள்?

சத்துணவு ஆயாவின் கணக்கு எளிது. நாட்டுக்கே வழிகாட்டிய திட்டம் என்று டெல்லி வரைக்கும் போய்ப் பேசுவார்கள். அந்தத் திட்டத்தில் வாழ்நாள் முழுக்க அடுப்புப் புகையைத் தின்ற பெண்ணுக்கு ஓய்வூதியம் பல ஆண்டுகளாக மாதம் 2,000 ரூபாயிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஆலைக்குள் போன பெண்ணையாவது நிம்மதியாக விட்டார்களா? 2023 ஏப்ரல் 21-ல் ஆலைத் தொழிலாளியை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. முதலீட்டாளர்கள் நெகிழ்வை விரும்புகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். நெகிழ வேண்டியது தொழிலாளியின் இடுப்பு. இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் கொண்டாடியது இதே சென்னையில், 1923-ல். அந்த நூற்றாண்டுக்குப் பத்து நாள் முன்பு எட்டு மணி நேரத்தைத் தொலைக்கப் பார்த்தார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்த பிறகு, மே தின மேடையில் ‘திரும்பப் பெறுகிறோம்’ என்று அறிவித்து, அதற்கும் கைதட்டல் வாங்கிக்கொண்டார்கள். கையைக் கடித்தவர் கடித்த வாயை எடுத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மறு ஆண்டு சுங்குவார்சத்திரம். சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமாகக் கேட்டது, எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பதுதான். 1926-ஆம் ஆண்டே சட்டம் கொடுத்த உரிமை அது. வாடியாவும் திரு.வி.க.வும் 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய மண் இது. அந்த மண்ணில் ஒரு சங்கத்துக்குப் பதிவு எண் கிடைக்க நீதிமன்றம் வரை ஏறி இறங்கி, 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் போராட்டப் பந்தலைப் போலீஸ் பிரித்துப்போட்டது. டிரில்லியனுக்குப் போகிற சாலையில் பந்தல் இருந்தால் கண்ணுக்கு உறுத்தும்.

திரு.வி.க. பெயர் வந்துவிட்டதால் அவர் பெயரில் உள்ள மண்டலத்துக்கே போவோம். சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுத்தார்கள். தொழிற்சங்கத் தலைவரின் பெயர் கொண்ட மண்டலத்தில், ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களை ஒப்பந்தக்காரர் வாசலில் போய் நில் என்றார்கள். கைக்கு வந்துகொண்டிருந்த சுமார் 23,000 ரூபாய், 16,000 சொச்சமாகக் குறையும் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகைக்கு முன்னால் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். 2015 வெள்ளத்தில் நம் வீட்டுச் சேற்றை வழித்தவர்கள், கொரோனாவில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு எறிந்த முகக்கவசத்தைப் பொறுக்கியவர்கள். அப்போது காலில் பூத்தூவிப் படம் எடுத்துக்கொண்ட கட்சிக்காரர்கள் எல்லாம் இப்போது எதிர்ப்பக்க நடைபாதையில் போனார்கள்.

பத்து ஆண்டு பணி முடித்த ஒப்பந்த ஊழியர்களை நிரந்தரம் செய்வோம் என்று 2021-ல் வாக்குக் கொடுத்தவர்களின் ஆட்சி அது. அந்த வாக்குறுதியைத்தான் அவர்கள் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக எதுவும் கேட்கவில்லை. நடைபாதையைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து இழுத்துப் பேருந்துகளில் ஏற்றியது. மறுநாள் கோட்டையில் அமைச்சரவை கூடியது. முடிவுகள் வந்தன. தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு!

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. சம்பளத்தில் 7,000 ரூபாய் போகிறதே என்று அழுதவளுக்கு இட்லி. ராத்திரி முடியைப் பிடித்து இழுத்துவிட்டுக் காலையில் சட்னி வேணுமா சாம்பார் வேணுமா என்று கேட்கிற உபசாரத்தை எந்தப் பண்பாட்டில் சேர்ப்பது? அவள் பசிக்கிறது என்று சொல்லவில்லை அய்யா. என் வேலையை என்னிடம் கொடு, இட்லியை நானே சுட்டுக்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள்.

அந்த வாரத்தில் ஒரு புதிய சமூகநீதித் தத்துவமும் பிறந்தது. நிரந்தரம் ஆக்கினால் அவர்கள் குப்பை அள்ளும் வேலையிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடுவார்கள், ஆகவே நிரந்தரம் ஆக்காமல் இருப்பதே விடுதலை என்றார்கள். அடடா! 16,000 ரூபாய்க்குக் கம்பெனிக்காரனிடம் அதே குப்பையை அள்ளினால் விடுதலை, 23,000 வாங்கி மாநகராட்சியில் அள்ளினால் அடிமைத்தனம். சரி, ஏற்றுக்கொள்வோம். அதே தத்துவப்படி எம்எல்ஏக்களையும் விடுதலை செய்வோமா? ஆறு முறை ஏழு முறை அதே தொகுதியில் நிரந்தரமாகச் சிக்கித் தவிக்கிறார்கள், பாவம். பிள்ளைகளும் அதே குலத்தொழிலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவுட்சோர்சிங்குக்கு விட்டால் தலைமுறையே மீளும்.

மாட்டார்கள். அந்த வேலையின் கணக்கே வேறு. 2017 ஜூலையில் எம்எல்ஏக்களின் மாதச் சம்பளம் 55,000-லிருந்து 1,05,000 ஆகும் என்று பேரவையில் அறிவிப்பு வந்தது. மேசைகள் தட்டப்பட்டன. அந்த நாளில் தமிழ்நாட்டு விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் இரண்டாம் முறையாக உட்கார்ந்து கடன் தள்ளுபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எம்எல்ஏ யாரும் பந்தல் போடவில்லை, டிஎம்எஸ் வளாகத்தில் படுக்கவில்லை, குழு அமையும் வரை காத்திருக்கவில்லை. ஏழ்மையால் தவித்தவர்கள் என்றாலும் பரவாயில்லை. 2021-ல் ஜெயித்து வந்தவர்கள் தாங்களே கொடுத்த சொத்துக் கணக்குப்படி நூற்றுக்கு 86 பேர் கோடீஸ்வரர்கள்.

‘பணம் எங்கே இருக்கிறது?’ என்று மாண்புமிகு கேட்பார். தொழிலாளி வந்தால் மட்டும் கேட்கிற கேள்வி அது. 2021 ஆகஸ்டில் நிதித்துறை ஒரு வெள்ளை அறிக்கை வைத்தது. மாநிலக் கடன் 5.70 லட்சம் கோடி, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் என்று பைசா சுத்தமாகச் சொன்னார்கள். முந்தைய ஆட்சியின் லட்சணத்தைக் காட்ட அந்த எண் தேவைப்பட்டது. 2025 மார்ச்சில் கடன் 8.33 லட்சம் கோடி என்று பட்ஜெட்டே மதிப்பிட்டது. இப்போது என் குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் மேடையில் சொல்லவில்லை. வகுத்துப் பார்க்க நேரமில்லையாம். மாநில உற்பத்தியோடு ஒப்பிட்டால் கடன் வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும், சந்தோஷம். வரம்புக்குள் இருக்கிற கஜானா, நர்ஸ் வந்து நிற்கும்போது மட்டும் எப்படிக் காலியாகிறது?

இந்தப் பக்கம் 11.19 சதவீத வளர்ச்சி, அந்தப் பக்கம் ‘நிதிச்சுமை’. இரண்டும் ஒரே வாயிலிருந்து, சில நேரம் ஒரே மேடையில் வருகின்றன. வளர்ந்த பணத்தில் பங்கு கேட்டால் அது சுமை. கேட்காமல் வேலை செய்தால் தியாகம். செத்துப்போனால் இரங்கல் செய்தி, நிவாரணம், படத்தோடு காசோலை. இவர்களுக்குப் பொதுச் சேவை என்பது ஏழைகள் குறைந்த கூலிக்குச் செய்ய வேண்டியது, தாங்கள் தலைமை தாங்க வேண்டியது.

வெள்ளை அறிக்கை மேல் இவ்வளவு ஆசை உள்ள நாட்டில் ஒன்றே ஒன்று வையுங்கள். துறைவாரியாக, தமிழ்நாட்டில் எத்தனை பேர் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில், அவுட்சோர்சிங்கில், பகுதிநேரத்தில் அரசு வேலை பார்க்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறார்கள், கையில் என்ன வாங்குகிறார்கள், ஒப்பந்தக்காரருக்கு அரசு கொடுப்பதற்கும் அவர்கள் கைக்கு வருவதற்கும் நடுவில் போகிற தொகை எவ்வளவு என்று ஒரே ஒரு அட்டவணை போதும். ஆர்ட் பேப்பர் வேண்டாம், முன்பக்கத்தில் யார் படமும் வேண்டாம். அடுத்த முதலீட்டாளர் மாநாட்டுக்கு முந்தின நாள் அதைப் பேரவையில் வைத்துவிட்டுப் பிறகு சிவப்புக் கம்பளம் விரியுங்கள்.

அவர்கள் வைக்க மாட்டார்கள். ஆகையால் வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது. தேர்தல் வரும், மாண்புமிகு உங்கள் தெருவுக்கும் வருவார், திறந்த ஜீப்பில் நின்று கும்பிடுவார். டிரில்லியனைப் பற்றி அவரே பேசுவார், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. இந்தத் தெருவைக் கூட்டுகிற அம்மாவின் பெயர் என்ன, அவருக்கு மாதம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து நிரந்தரம் என்று மட்டும் கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் ஜீப்பை நகர விடாதீர்கள்.